வட்டம் வைத்தால் போதுமா? – உப்பல் மாமா பதில்கள்

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே ஜப்பானிய யுத்த விமான மாடல்களைப் பற்றியும், அவற்றின் மேல் நனைத்து ஒட்டும் டீகேல் படங்களைப் பற்றியும்தான். ஐ.பி.எல். முடிந்த ஊரில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

வட்டப்பித்தன், உப்பல்: ஜப்பான் விமானம் என்றால் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதானே? இதற்கு ஒரு பகுதியா மாமா?

பொட்டும் வட்டம்தான். நெற்றி நடுவிலிருந்து அரை விரல் நகர்ந்தால் கல்யாண ஆல்பமே போச்சு.

ஜீரோ விமானத்தில் இந்த வட்டம் ஆறு இடத்தில் வரும். இறக்கைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஐந்தை ஒழுங்காக ஒட்டிவிடுங்கள். பார்க்க வருகிறவர் நேராக ஆறாவதிடம்தான் போவார்.

ஆரஞ்சு ஜெர்சி, ஸ்டேடியம் வாசல்: ஜப்பான் உதயசூரிய நாடு. நம் டீம் சன்ரைசர்ஸ். தி.மு.க. சின்னம் உதயசூரியன். மூன்றையும் முடிச்சுப் போடுங்களேன்!

போட்டால் மூன்று தரப்பும் சேர்ந்து என்னை முடிச்சுப் போடும்.

விமானத்தில் இருப்பது ஹினோமாரு. கதிரே இல்லாத வெறும் வட்டம். பதினாறு கதிர் விரியும் கொடி படைகளின் கொடிக்கம்பத்துக்கு. இறக்கையில் தேசிய அடையாளமாக வந்தது வட்டம் மட்டுமே. கதிரோடு டீகேல் விற்றால் அது டி-ஷர்ட் கடை. இரண்டு மலையும் சேர்த்து விற்றால் தேர்தல் வருகிறது.

கணக்குப்பிள்ளை, ராமந்தாபூர்: அத்தனை பயங்கர விமானத்துக்குப் பூஜ்யம் என்று யார் பெயர் வைத்தது?

பஞ்சாங்கம் வைத்தது. 1940-ம் வருஷம் ஜப்பானின் அரச ஆண்டுக் கணக்கில் 2600. கடைசி இலக்கம் பூஜ்யம். கடற்படை அதை 'ஜீரோ வகை' என்று பதிந்துகொண்டது. அடுத்த வருஷம் தரைப்படை சேர்த்துக்கொண்ட ஹயபுசா 'ஒன்று வகை'.

பூஜ்யம் நம் ஊர்ச் சரக்கு. ராயல்டி கேட்க மறந்துவிட்டோம்.

பைக் பையன், ஹப்சிகூடா: ஹயபுசா என்றால் சுசுகி பைக் இல்லையா?

பைக் 1999-ல் வந்தது. நகஜிமா கம்பெனியின் ஹயபுசா 1941-லேயே படையில் சேர்ந்துவிட்டது. யுத்தத்துக்குப் பிறகு அந்த நகஜிமாவைத் துண்டு போட்டார்கள். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்ததுதான் இன்றைய சுபாரு கார்.

இன்னும் கேள். 'ஹியென்' என்ற சண்டை விமானத்தைக் கட்டியது கவாசாகி. உன் அப்பா கல்லூரிக்கு ஓட்டிப்போன பஜாஜ் கவாசாகியின் அதே கவாசாகி. ஜீரோவை வரைந்தது மிட்சுபிஷி. திருவள்ளூரில் லான்சர் காராகத் திரும்பி வந்தது அதே பெயர். ஆனால் பறந்த ஜீரோக்களில் பாதிக்கு மேல் கட்டியது மிட்சுபிஷி இல்லை, நகஜிமா. பெயர் ஒருவருக்கு, வியர்வை இன்னொருவருக்கு. இது எல்லா ஆபீசிலும் நடப்பதுதான்.

பசைவிரல், நாச்சாரம்: டீகேல் ஒட்டினால் அடியில் வெள்ளி வெள்ளியாக மினுங்குகிறது. தரம் குறைந்த சரக்கா?

சரக்கு நல்லது. அவசரம்தான் தரம் குறைந்தது. மேட் பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம்; டீகேல் மேட்டில் உட்காரும், பள்ளத்தில் காற்று உட்காரும். வெளிச்சம் அந்தக் காற்றில் பட்டுத் தெறிப்பதுதான் உங்கள் வெள்ளி.

முதலில் கிளாஸ் வார்னிஷ் அடியுங்கள், நன்றாகக் காய விடுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். எல்லாம் முடிந்தபின் மேலே மேட் பூச்சு. ஏற்கெனவே மினுங்கி நிற்பதை ஊசி முனையால் ஒன்றிரண்டு குத்து குத்தி, டீகேல் இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். காற்று வெளியேறும். சில கட்சிக்காரர்களுக்கும் இந்த வைத்தியம் கேட்கும், ஆனால் சட்டம் அனுமதிக்காது.

போர்வெல் வீட்டுக்காரர், உப்பல்: டீகேல் ஊறவைக்க எந்தத் தண்ணீர் நல்லது?

உங்கள் வீட்டுத் தண்ணீர் இல்லை. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு கரும்பச்சை இறக்கை மேலும் கோலம் போடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பசை சீக்கிரம் இளகும்.

பத்து, இருபது விநாடி நனைத்து வெளியே எடுத்து வையுங்கள். தானே வழுக்கும்வரை காத்திருங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் படம் கழன்று போகும், பசையும் கரைந்து போகும், நீங்களும் கரைந்து போவீர்கள்.

ஊர் நினைப்பு, மல்காஜ்கிரி: இந்த ஜீரோக்கள் தமிழன் தலைக்கு மேல் பறந்ததுண்டா?

உண்டு. தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு: கொழும்பு. அன்று வந்தவை 36 ஜீரோ, கூடவே தொண்ணூற்றுச் சொச்சம் குண்டுவீச்சு விமானங்கள். ஏப்ரல் 9: திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மெஸ் மூழ்கியது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல். அன்றைக்குத் தாங்குவதற்கு அதில் ஒரு விமானமும் இல்லை.

கொழும்புத் தாக்குதலுக்கு முந்தின நாளே ஜப்பானியக் கப்பல் படையைக் கடலில் கண்டு கம்பியில்லாத் தந்தி அடித்தவர் பர்ச்சால் என்ற கனடா விமானி. தந்தி போய்ச் சேர்ந்தது. அவர் ஜப்பானியர் கையில் போய்ச் சேர்ந்தார்.

அதே வாசகர்: அப்படியானால் கொழும்புக்கு வந்த ஜீரோவைச் செய்ய எந்த டீகேல் வாங்க வேண்டும்?

இதுதான் கேள்வி! சட்டையை மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு கப்பலின் விமானத்துக்கும் வாலில் ஒரு குறி, உடலில் ஒரு பட்டை. அகாகி என்றால் வாலில் ஏ எழுத்தும் ரோமன் ஒன்றும், உடலில் ஒற்றைச் சிவப்புப் பட்டை. சோர்யுவுக்கு பி எழுத்து, ஒற்றை நீலம். அதன் ஜோடி ஹிர்யுவுக்கு இரட்டை நீலம். ஷோகாகுவுக்கு ஈ எழுத்து, ஒற்றை வெள்ளை. சுய்காகுவுக்கு இரட்டை வெள்ளை. இந்த ஐந்தும்தான் இலங்கைக்கு வந்தன.

பேர்ல் ஹார்பருக்கு ஆறு போயின. ஆறாவது காகா, இரட்டைச் சிவப்புப் பட்டை. பலாவ் பக்கம் பாறையில் உரசிக்கொண்டு ரிப்பேருக்கு ஊர் திரும்பிவிட்டது. ஆகவே இரட்டைச் சிவப்பு ஒட்டி, அடியில் 'கொழும்பு 1942' என்று பலகை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கொழும்பில் காகா கரையவில்லை.

பெட்டிப்படம், எல்.பி. நகர்: பெட்டி அட்டையில் எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறான்! அதைப் பார்த்தே ஒட்டக்கூடாதா?

கல்யாணத் தரகர் காட்டும் போட்டோவை நம்புகிற வயசா உங்களுக்கு? பெட்டி ஓவியர் விற்க வரைகிறார். அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தால் அது பத்து பெட்டிக்குச் சமம். படத்தில் தெரியாத பக்கத்தை எல்லோரும் ஊகித்துத்தான் வரைகிறார்கள். டீகேல் கம்பெனியும்தான்.

வைசாக் மாப்பிள்ளை, தார்நாகா: எங்கள் ஊரிலும் குண்டு போட்டார்களாமே?

1942 ஏப்ரல் 6. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். போட்டவை ரியுஜோ என்ற சின்ன விமானந்தாங்கியின் விமானங்கள்.

ரியுஜோவுக்கு அப்புறம் ஒரு வினை காத்திருந்தது. இரண்டே மாதத்தில், ஜூன் 4-ம் தேதி, அலாஸ்கா பக்கம் போன அதன் ஜீரோ ஒன்று அடிபட்டு, அகுதான் தீவின் சதுப்பில் புல்தரை என்று நினைத்து இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. விமானி கோகா இறந்தார். விமானம் ஏறக்குறைய முழுசாக அமெரிக்கர் கையில். பழுது பார்த்து, வட்டத்தை அழித்து, நட்சத்திரம் வரைந்து, அதே செப்டம்பரில் அவர்களே ஓட்டிப் பார்த்து ஜீரோவின் பலவீனங்களைப் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

வாலில் டி எழுத்து, ரோமன் ஒன்று, 108. மாப்பிள்ளைக்கு ஏற்ற மாடல். ஒரே விமானத்துக்கு இரண்டு தேசத்து டீகேல்.

குடும்பத் தலைவி, நாச்சாரம்: ராத்திரி ஒரு மணிக்கு என் கணவர் ட்வீசரும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் 'மூச்சு விடாதே, டீகேல் பறந்துவிடும்' என்கிறார். என்ன செய்ய?

தலைக்கு மேல் ஃபேன் சுவிட்சைப் போடுங்கள்.

பழைய பெட்டி, செகந்திராபாத்: பரணில் கிடந்த கிட். டீகேல் மஞ்சள் பூத்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். ஜிப் கவரில் போட்டு, படம் வெளியே தெரிகிற மாதிரி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். ஏப்ரல், மே மாத உப்பல் வெயிலுக்குச் சில நாளில் மஞ்சள் வெளுக்கும். நம் வெயிலால் ஒருவருக்கு உபயோகம் என்றால் அது இதுதான்.

வெளுத்தபின் நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், பழைய படலம் சுக்குநூறாகும். முதலில் மேலே மெல்லிசாக ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்துக் காயவிட்டு, ஒவ்வொரு படமாக நறுக்கி, உதவாத ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள்.

நிஜாம் விசிறி, சார்மினார்: இந்த யுத்தத்தில் நம் ஹைதராபாத்துக்குப் பங்கு உண்டா, இல்லை பிரியாணி மட்டும்தானா?

விமானமே வாங்கிக் கொடுத்த ஊர் ஐயா இது! முதல் உலக யுத்தத்தில் நிஜாம் கொடுத்த காசில் பறந்தது 110-ம் ஸ்குவாட்ரன். 1918-ல் அதன் டி.எச்.9ஏ விமானங்களில் 'நிஜாம் அளித்தது' என்ற வாசகம் எழுதியிருந்தது. இரண்டாம் யுத்தத்தில் 152-ம் ஸ்குவாட்ரனுக்கும் ஹைதராபாத் பெயர். அதன் சின்னத்தில் இருப்பது நிஜாமின் தலைப்பாகை. 253-ம் ஸ்குவாட்ரன் ஹைதராபாத் சமஸ்தானத்தின் பெயரில்.

மாடல்காரருக்கு இதில் அல்வா 152. பர்மாவில் பறந்த அதன் ஸ்பிட்ஃபயர்களில் விமானத்தின் வட்டச் சின்னத்தின் மேல் பாய்கிற கருஞ்சிறுத்தை வரைந்திருப்பார்கள். எதிரில் வந்தவை ஹயபுசாக்கள், அதாவது வல்லூறுகள். ஒரு பக்கம் வல்லூறு, மறுபக்கம் சிறுத்தை, செலவு நிஜாம் கணக்கு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காத ஹைதராபாத்காரர் என்ன ஹைதராபாத்காரர்?

மெட்ராஸ்காரன், உப்பல்: நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா?

ரோஷத்தைப் பார்! 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மதராஸ் மாகாணம்' என்று பெயர். வசூல் அப்படி. அவற்றில் 79 பர்மா முனையில் ஹரிக்கேனும் தண்டர்போல்ட்டும் ஓட்டியது.

ஜப்பானிலும் இதே கதைதான். ஜனங்களும் கம்பெனிகளும் சந்தா போட்டு வாங்கிய விமானங்களின் உடலில் கொடுத்தவர் பெயரும் வரிசை எண்ணும் எழுதுவார்கள். கடற்படையில் 'ஹோகோகு', தரைப்படையில் 'அய்கோகு'. நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பதைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்க.

சந்தேகப்பிராணி, கச்சிகூடா: யுத்தகால இந்திய விமானப் படங்களில் வட்டச் சின்னத்துக்குள் சிவப்பே காணோமே. பெயின்ட் தீர்ந்துவிட்டதா?

பயம் தீரவில்லை. மேகத்துக்குள்ளிருந்து அரை விநாடி சிவப்பு தெரிந்தால், சுடுகிறவன் யோசிக்க மாட்டான். அதனால் 1942-ல் அமெரிக்கர்கள் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை எடுத்தார்கள். ஆஸ்திரேலியர்களும் சிவப்பைத் துறந்தார்கள். நம் பக்கத்தில் பிரிட்டிஷ் சின்னத்தின் சிவப்பு நடுவே போய், கடைசியில் கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று ஆயிற்று. இந்திய விமானப்படையும் அதே இரட்டை நீலத்தோடுதான் பர்மாவில் பறந்தது.

ஒரு வட்டம், எதிரி நாட்டுப் பெயின்ட் டப்பாவையே மாற்றிவிட்டது. டீகேலுக்கு இதைவிட என்ன மரியாதை?

பெயர்ராசி, அம்பர்பேட்: ஜப்பான் விமானத்துக்கு டோனி, ஃபிராங்க், ஜார்ஜ் என்று கிறிஸ்தவப் பெயர் எப்படி?

ஜப்பானியப் பெயர் அமெரிக்க வாயில் நுழையாததால் வைத்த குறிப்பெயர்கள். சண்டை விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர், பயிற்சி விமானத்துக்கு மரத்தின் பெயர். ஜீரோவுக்கு 'ஜீக்'.

நுனி வெட்டிய இறக்கையோடு வந்த ஜீரோவை வேறு விமானம் என்று நினைத்து 'ஹாப்' என்றார்கள். ஹாப் என்பது அமெரிக்க விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்டின் செல்லப்பெயர். அவர் முகம் சுளித்தார். மறுபடி ஞானஸ்நானம், 'ஹாம்ப்'. எதிரியைச் சுடுவதைவிட மேலதிகாரியைச் சமாளிப்பது கஷ்டம்.

தரைப்படை ரசிகன், மௌலாலி: 64-ம் படைப்பிரிவின் காதோ ஓட்டிய ஹயபுசா செய்கிறேன். கிட்டில் ஆறு வட்டம் இருக்கிறது. ஆறையும் ஒட்டவா?

நிறுத்துங்கள்! யுத்தத்தின் தொடக்கத்தில் தரைப்படை விமானங்களுக்குப் பெரும்பாலும் இறக்கையில் மட்டுமே வட்டம், உடலில் இல்லை. உடல் வட்டம் பின்னால் வந்த ஏற்பாடு. காதோ 1942 மே 22-ல் வங்கக் கடலில் விழுந்துவிட்டார். அவரைச் சுட்டது பிளெனீம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கிக்காரர்.

வாலில் சாய்ந்த அம்பு வரும். அது 64-ன் அடையாளம். அதன் நிறம் எந்த அணி என்பதைச் சொல்லும். மிச்சமாகும் இரண்டு வட்டத்தை அடுத்த விமானத்துக்கு எடுத்து வையுங்கள். கிட்டில் கொடுத்ததையெல்லாம் ஒட்ட வேண்டும் என்று சட்டமில்லை.

மௌன வாசகர், உப்பல்: என் தாத்தா மலாயா தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டவர். திரும்பவில்லை. என் மகன் ஜப்பான் விமானம் செய்து, அந்த வட்டத்தை ஆசையாக ஒட்டுகிறான். வீட்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மாமாவிடம் ஜோக் இல்லை.

415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

விமானத்தை வையுங்கள். பக்கத்தில் தாத்தாவின் படத்தையும் வையுங்கள். படம் இல்லையென்றால் பெயரை எழுதி வையுங்கள். பையன் கேட்பான். சொல்லுங்கள்.

சட்ட நிபுணர், உப்பல் கோர்ட் பக்கம்: ஹிட்லர் விமானங்களின் ஸ்வஸ்திகா டீகேல் மட்டும் ஏன் இரண்டு துண்டாக வருகிறது?

ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவதற்குச் சட்டத் தடை. பாதி பாதியாக அச்சிட்டால் அது சின்னமில்லை, கோடு. ஜப்பான் வட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்நாட்டு விமானப்படை இன்றைக்கும் அதையே இறக்கையில் வைத்துப் பறக்கிறது.

சிவகாசி மருமகன், நாகோல்: வீட்டு பிரின்டரில் டீகேல் அடித்துக்கொள்ளலாமா?

கறுப்பு எழுத்து என்றால் தாராளமாக. வெள்ளை என்றால் முடியாது. உங்கள் இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெள்ளையைத்தான் அது கடன் வாங்குகிறது. டீகேல் தாள் கண்ணாடி மாதிரி, கடன் கொடுக்காது. சிவப்பு வட்டத்தைக் கரும்பச்சை மேல் ஒட்டினால் பழுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

நல்ல கம்பெனிகள் ஸ்கிரீன் பிரின்டிங்கில் முதலில் வெள்ளை அடித்து, மேலே சிவப்பு அடிக்கும். இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சு என்று பெட்டியில் போட்டிருந்தால் கண்ணை மூடி வாங்கலாம். மாமனார் ஊரில் தீப்பெட்டி லேபிளிலேயே நாலு கலர் பிசகாமல் விழுந்தது; அங்கே ஒருவர் மனசு வைத்தால் இறக்குமதியே வேண்டாம்.

குறுக்குவழி, போடுப்பல்: இவ்வளவு தொல்லைக்கு வட்டத்தைப் பெயின்டிலேயே அடித்துவிட்டால் என்ன?

பேஷ்! இந்த வாரத்தின் புத்திசாலி. நிஜ விமானத்திலும் அது பெயின்ட்தான். வட்டம் வெட்டும் காம்பஸ் கட்டரால் மாஸ்கிங் டேப்பில் ஓட்டை போட்டு, முதலில் வெள்ளை, மேலே சிவப்பு ஸ்ப்ரே. படலம் இல்லை, மினுங்கல் இல்லை.

வெள்ளை விளிம்பு வேண்டுமா? ஜப்பானியக் கடற்படை அளவு 75 மில்லிமீட்டர். 72-ல் ஒரு பங்கு மாடலில் சுமார் ஒரு மில்லிமீட்டர், 48-ல் ஒரு பங்கில் ஒன்றரை. கை நடுங்குகிறவர்கள் டீகேல் கட்சிக்குத் திரும்பலாம்.

உரிப்போன், எல்.பி. நகர்: பெயின்ட் உதிர்ந்த மாதிரி வெள்ளித் திட்டுகள் போடுவது அழகாக இருக்கிறதே?

தரைப்படை விமானங்களில் அலுமினியத்தின் மேல் நேராகப் பூசிய பச்சை பாளம் பாளமாக உதிர்ந்தது உண்மை. கப்பல் ஜீரோவுக்கு அடிப்பூச்சு இருந்தது, அவ்வளவு உதிரவில்லை. நீங்கள் போடுகிற திட்டைப் பார்த்தால் அது பறந்த விமானம் மாதிரி இல்லை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருக்கிறது.

நிறக்குருடன், தார்நாகா: பேர்ல் ஹார்பர் ஜீரோ வெள்ளையா, சாம்பலா, பச்சையா?

இந்தக் கேள்வியால் நண்பர்கள் பேச்சுவார்த்தை நிறுத்தியிருக்கிறார்கள். பழைய பெட்டிகள் வெள்ளை என்றன. மிச்சமிருக்கும் தகடுகளைச் சுரண்டிப் பார்த்தவர்கள், பச்சைச் சாயல் ஓடும் சாம்பல் என்கிறார்கள். மாமா சாம்பல் கட்சி. முகப்பு கறுப்பு என்பதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒருமித்த கருத்து.

படிக்காதவன், ராமந்தாபூர்: ஜப்பானிய எழுத்து டீகேலில் எது மேல், எது கீழ்?

இறக்கையில் சிவப்பில் வரும் துக்கடா எழுத்துகள் 'இங்கே மிதிக்காதே' ரகம். அதைப் படிக்க வேண்டியவன் ஏறுகிற மெக்கானிக். அவன் நிற்கும் பக்கத்திலிருந்து நேராக இருக்க வேண்டும். தாளிலிருந்து வெட்டும்போதே மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தலைகீழாக ஒட்டினால் உப்பலில் யாருக்கும் தெரியாது என்கிறீர்களா? போட்டோவை ஒரு ஜப்பானியர் பார்ப்பார். அவர் வணங்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அதுதான் வலிக்கும்.

சினிமாக்காரன், சிக்கட்பள்ளி: 'டோரா! டோரா! டோரா!' படத்தில் அவ்வளவு ஜீரோ எங்கே பிடித்தார்கள்?

1970-ல் ஜீரோவுக்கு எங்கே போவது? அமெரிக்கப் பயிற்சி விமானம் டெக்ஸனுக்கு மேக்கப். அதே குடும்பத்து ஹார்வர்டுதான் நம் விமானப்படைப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார். வாத்தியாருக்கு வில்லன் வேஷம்.

யானைப்பாகன், போச்சாரம்: ஜப்பான் விமானத்தில் வட்டம் இல்லாமல் வேறு ஏதாவது?

யானை இருக்கிறது! தாய்லாந்து விமானப்படை ஹயபுசா ஓட்டியபோது, சிவப்புச் சதுரத்தில் வெள்ளை யானை. மாடல் கண்காட்சியில் கூட்டம் உங்களிடம்தான் நிற்கும்.

இன்னொன்று, பச்சைச் சிலுவை. 1945 ஆகஸ்ட் 19: சரணடையும் பேச்சுக்குப் போன தூதுக் குழுவை ஏற்றிய இரண்டு மிட்சுபிஷி குண்டுவீச்சு விமானங்கள், மேலிடத்து உத்தரவுப்படி உடம்பெல்லாம் வெள்ளை பூசி, பச்சைச் சிலுவை வரைந்து, ஈஷிமா தீவில் இறங்கின. உத்தரவு போட்டது அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தரப்பு. வட்டத்தை அழிக்கச் சொல்லித்தான் யுத்தம் முடிந்தது.

தேசபக்தன், உப்பல்: நம் விமானப்படை எப்போதாவது ஜப்பானுக்குப் போனதுண்டா?

போய்க் குடியே இருந்தது. 1946-ல் காமன்வெல்த் ஆக்கிரமிப்புப் படையோடு நம் 4-ம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர்களுடன் மிஹோ தளத்தில். இதைச் செய்து வைத்தவர் இருந்தால் மாமா வீட்டுக்கு வந்து காபி சாப்பிடலாம். மாடலை எடுத்து வர வேண்டும்.

பொறுமையிழந்தவன், உப்பல் ரிங் ரோடு: வெளிநாட்டில் ஆர்டர் செய்த டீகேல் எப்போது வரும்?

வருஷக்கணக்கில் இழுத்த நாரப்பள்ளி மேம்பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? கஸ்டம்ஸில் படுத்திருக்கும். அதுவரை வினிகரில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, வேண்டாத டீகேலில் இளக்கிப் பழகுங்கள். வாசனைக்கு வீட்டில் ஊறுகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆதாரம் கேட்பவர், மல்காஜ்கிரி: படம்தான் ஆதாரம் என்கிறீர்கள். நம் பக்கத்துப் படங்கள் ஏன் அகப்படுவதில்லை?

அகப்படும். விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் 1942-ல் இருந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் அவை கிடக்கலாம். வீடு மாறும்போதோ, பாட்டி போனபிறகோ, பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், உடைந்த ஒரு இறக்கைத் துண்டோடு யாரோ நிற்கிற மங்கலான படமானாலும் சரி, எடைக்குப் போடாதீர்கள். ஒட்டுகிற வேலையும் வேண்டாம். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் ஊர், வருஷம், நிற்கிறவர் பெயர் எழுதி, நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.